மக்கர் செய்யும் மேகஸின்

வாரம் தவறாமல் நேயர்கள் கையில் எடுத்துப் புரட்டும் பத்திரிகைக்கும், ரைபிள் துப்பாக்கியின் அடிவயிற்றில் செருகப்படும் சின்னஞ்சிறு தகட்டுப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான்: மேகஸின். இரண்டுக்கும் பாட்டனார், அரபு மொழியில் பண்டகசாலையைக் குறிக்கும் 'மக்ஸன்' என்ற சொல். வெடிமருந்து சேமிக்கும் இடத்துக்கு வழங்கி வந்த அந்தப் பெயரை 1731-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் எட்வர்ட் கேவ் என்பவர் தாம் தொடங்கிய பத்திரிகைக்குச் சூட்டினார். பல சரக்கும் ஓரிடத்தில் கிடைக்கும் என்பது அவர் கருத்து. பத்திரிகை மேகஸினில் சரக்குத் தீர்ந்து போனால் அவஸ்தைப்படுகிறவர் ஆசிரியர் ஒருவர்தான். துப்பாக்கி மேகஸினிலோ சரக்கு உள்ளே இருக்கும்; வெளியே வராது. வந்தாலும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியில் குறுக்கே படுத்துக்கொண்டு சத்தியாக்கிரகம் செய்யும்!

"இதென்ன, குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கி விவகாரம்?" என்று தாய்மார்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் வட்டாரத்தில் காக்கி உடுப்பு அணிந்து கவாத்துக்குப் போகிறவர்கள் அந்தத் தாய்மார்களுடைய பிள்ளைகள்தாம். தேசிய மாணவர் படையில் சேர்ந்த பையனோ பெண்ணோ முகாமுக்குப் போனால், ஒரு நாள் காலையில் தரையில் குப்புறப் படுத்து, 25 கஜ தூரத்தில் இருக்கும் காகித இலக்கை நோக்கி .22 ரைபிளால் சுட வேண்டியிருக்கிறது. வழக்கமாக ஆளுக்கு ஐந்து தோட்டா. அந்த ஐந்துக்காகப் பிள்ளைகள் வருஷம் முழுவதும் காத்திருக்கிறார்கள். ஐந்தும் நெருங்கி விழுந்தால் குறிசுடும் குழுவில் இடம் கிடைக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் மூன்றாவது தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொண்டால் மனம் குலைந்து மற்ற இரண்டும் எங்கேயோ போகும். அது கூடப் போகட்டும். மாட்டிக்கொண்ட தோட்டாவைப் பலவந்தமாக உள்ளே தள்ளினால் கண்ணுக்கே அபாயம் நேரலாம். ஆகையால் இந்தத் தகட்டுப் பெட்டியின் குணதோஷங்களைக் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ஆயுதம் என்பது நமது வட்டாரத்துக்குப் புதியதன்று. பரங்கிமலை ஒரு காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம்; இன்று இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது. தாம்பரத்தில் விமானப் படைத் தளம். ஆனால் நம்முடைய வீட்டுப் பிள்ளைகள் கையில் ரைபிள் வந்தது அண்மைக் காலத்து விஷயம். 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம் இந்த நாட்டு ஜனங்களில் பெரும்பாலோரைத் துப்பாக்கியின் பக்கத்தில் அண்டவொட்டாமல் செய்துவிட்டது. அஹிம்சையையே உயிராகக் கொண்டிருந்த மகாத்மா காந்தி 1930 ஜனவரியில் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்க வேண்டும், அது மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதும் ஒன்று! பிறகு 1946-ல் பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைந்தது; 1948-ல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது; மறு வருஷமே பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டாயிற்று. 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டபோது, பின்னர் லோக்சபையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர்தான் அதற்கும் முதல் தலைவர்.

துப்பாக்கி வந்துவிட்டது. அதைப் பேணும் வழக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பலருக்குத் துப்பாக்கி என்றால் ஒன்று பயம், அல்லது பக்தி. ஆயுத பூஜையன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து இரும்புப் பாகங்களில் அப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சரஸ்வதி தேவி கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தனத்தை மரக் கட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, தோட்டாவைப் பார்ப்போம். சாதாரணப் பெரிய துப்பாக்கித் தோட்டாவில், பின்புறத்தின் நடுவில் ஒரு சிறு மூடி இருக்கிறது; அதில் ஊசி குத்தியவுடன் தீப் பிடிக்கிறது. .22 தோட்டாவில் அந்த மூடி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பே உள்ளுக்குள் வெற்றிடமாக அமைந்து, அதற்குள் தீப்பற்றும் மருந்து தடவப்பட்டிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடி. இதனால்தான் இதற்கு ரிம்பயர், அதாவது விளிம்பில் வெடிப்பது என்று பெயர். பிரெஞ்சுக்காரரான ப்ளோபெர் என்பவர் 1845-ல் இந்த வழிக்கு வித்திட்டார். அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் என்ற இருவர் 1857-ல் .22 தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். அந்த 1857-ல்தான் நமது தேசத்தில் வேறொரு தோட்டாவில் தடவிய கொழுப்பு காரணமாகப் பெரும் புரட்சி மூண்டது என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று நாம் உபயோகிக்கும் 'லாங் ரைபிள்' ரகம் 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் செய்தது. தோட்டாவின் முழு நீளம் ஓர் அங்குலம். குண்டின் எடை 2.6 கிராம். பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல் இருக்கும். ஒன்றரை மைல் வரை அபாயம் என்று தோட்டா அட்டைப் பெட்டியின் மேலே அச்சிட்டிருப்பதைப் பலர் படிப்பதில்லை.

நமது கதைக்கு முக்கியமானவை இரண்டு சங்கதிகள். ஒன்று, குண்டு மென்மையான ஈயத்தால் ஆனது. அதன் மேல் மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு உண்டு. இரண்டு, பித்தளைக் கூட்டின் உடல் 5.7 மில்லி மீட்டர் கனம், விளிம்போ 7.1 மில்லி மீட்டர். அதாவது சுற்றிலும் முக்கால் மில்லி மீட்டருக்குச் சற்றுக் குறைவாக விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த முக்கால் மில்லி மீட்டர்தான் பாதித் தொல்லைக்கு வேர்.

எப்படி என்று கேட்டால், உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போங்கள். காபி டம்ளர்கள் நாலைந்தை, விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் டம்ளரை அடிப்பக்கமாக இழுங்கள். அதன் விளிம்பு கீழ் டம்ளரின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பின்னால் இருந்தாலோ கொக்கி போல மாட்டிக்கொண்டு, கீழ் டம்ளரையும் சேர்த்து இழுக்கும். தோட்டாப் பெட்டியிலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் தனக்குக் கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அவசரத்தில் மேலிருந்து நேரே அழுத்தி நிரப்புகிற பிள்ளைகளுக்கு இந்த வரிசை தப்பிவிடும். கீழே உள்ளதைச் சற்று அழுத்தி, புதியதை முன்பக்கமிருந்து உதடுகளுக்கு அடியில் வழுக்கவிட்டு, பின்னால் தள்ள வேண்டும். நிரப்பிய பிறகு பெட்டியின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லாம் ஒழுங்காக உட்காரும். இதற்கு ஆயுதக் கொல்லர் வேண்டாம், பொறுமை போதும்.

பெட்டியின் மேல்வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி மடிந்த தகட்டு ஓரங்களைத்தான் உதடுகள் என்றேன். உள்ளே ஒரு ஸ்பிரிங்; அதன் தலையில் தோட்டாக்களைத் தாங்கும் ஒரு தட்டு. அவ்வளவே பெட்டி. போல்ட் என்னும் தாழ்ப்பாளை முன்னால் தள்ளும்போது, அது மேல் தோட்டாவின் பின்பாகத்தை உந்துகிறது. உதடுகள் தோட்டாவைச் சரியான கோணத்தில் பிடித்திருந்து, சரியான கணத்தில் விட்டுவிட வேண்டும். உடனே தோட்டாவின் மூக்கு சற்றே மேல்நோக்கி எழுந்து, குழலின் பின்வாயில் உள்ள அறைக்குள் நுழைய வேண்டும். தாய் குழந்தையை நடக்கப் பழக்குவது போன்ற காரியம் இது. சீக்கிரம் விட்டாலும் கெடுதி. கடைசி வரை விடாமல் பிடித்தாலும் கெடுதி.

எல்லா .22 ரைபிளுக்கும் இந்தச் சங்கடம் இல்லை. .303 ராணுவ ரைபிளின் உருவத்திலேயே பயிற்சிக்காகச் செய்த பழைய இரண்டாம் நம்பர் ரகத்தில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டியதுதான். அதன் அடியில் தொங்கும் பெட்டி வெறும் கூடு. சுட்ட பித்தளைக் கூடுகள் விழுந்து சேர்வதற்காக வைத்தது. மாணவர்கள் 'டீலக்ஸ்' என்று அழைக்கும் ரகத்துக்கும், மலைத் தோட்டங்களில் பழைய குடும்பங்கள் வைத்திருக்கும் பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ., செக் நாட்டு ப்ருனோ முதலியவற்றுக்கும் கழற்றி மாட்டும் பெட்டி உண்டு. ஒலிம்பிக் பந்தய ரைபிள்களிலோ பெட்டி கிடையாது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றபோது சுட்டது இதே .22 தோட்டாதான், ஒவ்வொன்றையும் கையால் இட்டே சுட்டார். மெல்லிய ஈய மூக்கு உதட்டிலும் சரிவிலும் உராய்ந்து கீறினால் குறி பிசகும் என்பது அங்கே பெரிய கவலை.

தோட்டா மாட்டியவுடன் நம்மவர்கள் செய்வது என்ன? "பழைய ரைபிள் ஸார், இதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு முகாமில் என்னோடு இருந்த திருநெல்வேலிச் சீமை ஹவில்தார் ஒருவர் இந்தத் தீர்ப்பை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "மாஸ்டர், துப்பாக்கியைத் திட்டாதீங்க. தோட்டாவோட மூக்கைப் பாருங்க. எங்கே போய் இடிச்சுதுன்னு அதுவே சொல்லும்" என்பார். பத்திரமாக வெளியே எடுத்த அந்தத் தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஈயம் மெதுவானது, பட்ட அடியை மறைக்கத் தெரியாது.

மூக்கின் அடிப்புறம் நசுங்கியிருந்தால், தோட்டா தலை குனிந்து அறையின் கீழ்ச் சுவரில் மோதியிருக்கிறது. பெட்டி சரியான உயரத்தில் உட்காரவில்லை. அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அல்லது உதடுகளின் முன்பாகம் இறுகிக் கிடக்கிறது. பெட்டியை விரலால் மேலே தாங்கிக்கொண்டு போல்ட்டைத் தள்ளினால் தோட்டா சுகமாகப் போகிறதா? அப்படியானால் குற்றவாளி பெட்டியைப் பிடித்திருக்கும் கொக்கி. பல வருஷத் தேய்மானம். மூக்கின் மேல்புறத்தில் கீறல் இருந்தால், உதடுகள் முன்னால் விரிந்து, தோட்டா காலத்துக்கு முன்பே வானத்தைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். போல்ட் தோட்டாவைத் தொடாமல் அதன் மேலேயே சறுக்கிப் போனால், ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். அல்லது தட்டு அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு தோட்டா ஒரே சமயத்தில் எழும்பி வந்தால் உதடுகள் விரிந்துவிட்டன. தோட்டா முக்கால் பங்கு நுழைந்து நின்றுவிட்டால் பெட்டி நிரபராதி. அறைக்குள் ஈயமும் மெழுகும் வளையமாகப் படிந்திருக்கிறது. இதே அறையில் 'ஷார்ட்' எனப்படும் குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்டவர்களுக்கு இந்த வளையம் நிச்சயம். முந்திச் சுட்ட பித்தளைக் கூடே உள்ளே தங்கி, அடுத்தது அதன் முதுகில் இடித்தால், பிழை கூட்டை இழுத்துப் போடும் கொக்கியினுடையது.

இன்னொரு காரணத்தை அநேகர் சந்தேகிப்பதே இல்லை. பழக்கத்துக்காக வெறும் துப்பாக்கியை 'டிக், டிக்' என்று நூறு தடவை தட்டிப் பார்ப்பது சர்வ சாதாரணம். நடுவில் வெடிக்கும் ரைபிளுக்கு இதனால் அவ்வளவாகக் கெடுதி இல்லை. விளிம்பில் வெடிக்கும் ரைபிளிலோ, பித்தளை விளிம்பு இல்லாதபோது ஊசி நேராக அறையின் வாய் ஓரத்தையே குத்தக் கூடும். பழைய ரைபிள்களில் நாளடைவில் அங்கே ஒரு பள்ளமும், பள்ளத்தின் கரையில் உள்நோக்கி ஒரு பிசிறும் உண்டாகின்றன. அந்தப் பிசிறில் தோட்டா உராய்ந்து தயங்கும். பழி பாவம், பெட்டியின் தலையில் விழும். பயிற்சிக்கென்று விற்கும் போலித் தோட்டாவை இட்டுத் தட்டினால் இந்த வம்பு இல்லை.

மாட்டியபோது செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அதை மட்டும் எந்தப் பிள்ளையும் மறக்கக் கூடாது. போல்ட்டை உள்ளங்கையால் அறைந்து தள்ளக் கூடாது. விளிம்பு முழுவதும் மருந்து இருக்கிறதல்லவா? கோணலாக நிற்கும் தோட்டாவின் விளிம்பு இரும்புக்கு நடுவில் நசுங்கினால், அறைக்குள் நுழையாமலே வெடிக்கக் கூடும். சுற்றிலும் குழலின் கனத்த சுவர் இல்லாததால் பித்தளை கிழிந்து சிதறும். சுடுகிறவரின் முகம் அதற்குச் சில அங்குல தூரத்தில் இருக்கிறது. குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்து, கையை உயர்த்தி மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். தட்டியும் வெடிக்காத தோட்டாவாக இருந்தால் அரை நிமிஷமாவது பொறுத்துத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதித்து வெடிப்பது அபூர்வமானாலும் நடக்கக்கூடியது. சப்தம் மட்டும் 'புஸ்' என்று கேட்டிருந்தால், குண்டு குழலின் நடுவில் தங்கியிருக்கிறதா என்று பாராமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

நமது ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் விஷயம் பூர்த்தியாகாது. தாம்பரத்துக்கும் கடலுக்கும் அதிக தூரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரித் துணியே பூஞ்சக்காளான் பூக்கிறது. மெல்லிய எஃகுத் தகடு என்ன செய்யும்? பெட்டியின் உட்சுவரில் துரு அரும்பினால் தட்டு அங்கங்கே சிக்கி நிற்கும். கத்திரி வெயிலிலோ தோட்டாவின் மெழுகு இளகி, புழுதியோடு கலந்து பசையாகிறது. இதற்கு மேல் தேர்தல் வேறு! தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது நமது மாநிலத்தில் வழக்கம். மாதக் கணக்கில் மூலையில் நின்றுவிட்டு வீடு திரும்பும் ரைபிளைத் துடைக்காமலே பரணில் ஏற்றி வைத்தால், அடுத்த வருஷம் பெட்டி மக்கர் செய்வதில் ஆச்சரியம் இல்லை. ஒப்படைக்கு முன் லேசாக எண்ணெய் துடைத்து, பெட்டியைக் காலி செய்து, அதையும் ரசீதில் எழுதி வாங்குவது உத்தமம். பழைய ரைபிளுக்குப் பெட்டி தொலைந்து போனால் புதிது கிடைப்பது குதிரைக் கொம்பு.

வீட்டில் செய்யத்தக்க சிகிச்சை சொற்பம். முதலில் பெட்டியைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறகு பெட்டியைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்த வேண்டும். எண்ணெய் தடவின துணியால் ஒரு தரம் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. துப்பாக்கி எண்ணெயானாலும் சொட்டச் சொட்ட விட்டால் புழுதிக்கு விருந்து. அறையை அதற்குரிய கம்பியாலும் துணியாலும் சுத்தம் செய்ய வேண்டும். நான் பார்த்தவரையில் பாதிக்கு மேற்பட்ட ரைபிள்கள் இத்தோடு குணமாகிவிடுகின்றன.

குணமாகாவிட்டால் ஆசை அரத்தின் மேல் போகும். வேண்டாம்! உதட்டை அராவினாலும், அறைக்கு முன் உள்ள சரிவை அராவினாலும், போன இரும்பு திரும்பி வராது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் அப்படித்தான். நாலு நாள் துள்ளும், பிறகு முன்னைவிடச் சோர்ந்து படுக்கும். உதடுகளை நெம்பித் திருத்துவது கைதேர்ந்தவன் செய்ய வேண்டிய காரியம். நல்ல பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, போலித் தோட்டாவை இட்டு அளவு பார்த்து, தலைமயிர்க் கனம் தலைமயிர்க் கனமாக மடிப்பான். இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் மடித்த தகடு விரிசல் கண்டுவிடும். தவிரவும், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். சுத்தம் செய்வது நம்முடைய கடமை. பழுது பார்ப்பது லைசென்ஸ் பெற்றவருடைய வேலை. மாணவர் படைத் துப்பாக்கியானால் யூனிட் ஆயுதசாலையைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

நோய் பெட்டியிலா ரைபிளிலா என்று கண்டுபிடிக்க அந்த ஹவில்தார் கையாண்ட முறை எளியது. பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பெயிண்டால் நம்பர் போட்டுவிடுவார். மக்கர் நேர்ந்தால் அந்தப் பெட்டியை வேறு ரைபிளுக்கும், நல்ல பெட்டி ஒன்றைத் தொல்லை தந்த ரைபிளுக்கும் மாற்றி மாட்டிப் பார்ப்பார். தொல்லை பெட்டியோடு போயிற்றா, ரைபிளோடு தங்கிற்றா? தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போவார். ஒரு காலைப் பொழுதில் பதினொரு பெட்டிகளைச் சோதித்ததில் எட்டு நலமாக இருந்தன. கழுவியதும் ஒன்று பிழைத்தது. மற்ற இரண்டின் முதுகில் சிவப்புப் பட்டை விழுந்தது. தூக்கிப் போட வேண்டியது என்று ஏற்கனவே தீர்ப்பான ரைபிளில் நலமான பெட்டி ஒன்றை மாட்டி, மெலிந்த பெண் ஒருத்தியிடம் கொடுத்தார். ஐந்தும் தடங்கலின்றிப் போயின. சிவப்புப் பட்டைப் பெட்டிகள் இரண்டையும், எந்தத் தோட்டாவின் மூக்கு எங்கே இடித்தது என்று எழுதிய சீட்டோடு ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு மூடி, யூனிட்டுக்குப் போகும் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் வைத்தார்.